நாலு வீட்டுக்கு ஒரு குஞ்சுப் பெட்டி

‘முட்டைக் காசு’ என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. காட்டில் விளைகிற சோளமும் கடலையும் விற்றால் அந்தப் பணம் ஆண்பிள்ளை கைக்குப் போகும். பால் காசு சொசைட்டிப் புத்தகத்தில் ஏறி, மாட்டுக் கடனுக்கும் தவிட்டுக்கும் கழிந்துவிடும். ஆனால் கோழியும் முட்டையும் விற்ற காசுக்கு மட்டும் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். அது வீட்டுப் பெண்ணுடையது. அவள் சுருக்குப் பையில் கிடக்கும். பேத்திக்கு வளையல், மகள் வீட்டுக்குப் போகும்போது பழம், கோயில் உண்டியல், தனக்கு வெற்றிலை பாக்கு, எல்லாம் அதிலிருந்துதான். தொகை சின்னதுதான், சகோதரிகளே. ஆனால் யார் முகத்தையும் பார்த்துக் கை நீட்டாமல் செலவழிக்கிற காசின் ருசி, அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

என் அத்தை, அதாவது என் மாமியார், அந்த ருசியை நன்றாக அறிந்தவர். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. புழக்கடையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பழைய மாட்டுக் கொட்டகை. அங்கே எந்நேரமும் இருபது உருப்படிக்குக் குறையாமல் நாட்டுக்கோழி மேய்ந்துகொண்டிருக்கும். எந்தக் கோழி எந்த மூலையில் முட்டையிடும், எது அடைக்குத் தயாராகிறது என்பதெல்லாம் அத்தைக்கு அத்துபடி.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பங்குனி மாதம் எல்லாம் போயிற்று. சந்தையிலிருந்து யாரோ வாங்கி வந்த ஒரு கோழி மூலமாகத் தெருவுக்குள் வெள்ளைக்கழிச்சல் வந்தது. முதல் நாள் இரண்டு கோழி இறகைத் தொங்கவிட்டு மூலையில் ஒடுங்கின. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாய்க் கழிச்சல். சில கோழிகள் கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சுழன்றன. ஒரே வாரத்தில் இருபத்திரண்டு கோழியும் போய்விட்டன. அத்தை ஒவ்வொன்றாகக் குழி வெட்டிப் புதைத்தார். கடைசிக் கோழியைப் புதைத்த அன்று மூங்கில் கூடையைக் கொட்டகைப் பரணில் எறிந்தவர்தான், பிறகு அதைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். வெற்றிலை வாங்க மகனிடம் கேட்கிறபோது அத்தை நேராகக் கேட்க மாட்டார். “சில்லறை இருந்தா ஒரு பத்து ரூபா...” என்று இழுப்பார். என் வீட்டுக்காரர் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் அந்த இழுப்பு என்னை என்னவோ செய்தது. எழுபது வயதில் ஒரு மனுஷி தன் சொந்த வீட்டில் இழுத்துப் பேச வேண்டியிருக்கிறதே!

“மறுபடி நாலு கோழி வாங்கலாமுங்க அத்தை” என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். “போவுது உடு அம்மிணி. வளத்திக் குழியில போடறதுக்கா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போனபோது, அங்கிருந்த டாக்டரம்மாவிடம் இதைப் பற்றிப் பேசினேன். அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். இந்த நோய்க்கு ராணிக்கெட் என்றும் ஒரு பெயர். 1926-ல் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊர்ப் பக்கமும் ஜாவாத் தீவிலும் கண்டுபிடித்தார்கள். மறு வருஷமே நம் நாட்டில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட்டில் தெரிந்ததால் நமக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இது வைரஸ் நோய். வந்த பிறகு மருந்து கிடையாது. வருமுன் தடுப்பு மருந்து கொடுத்தால் கோழியைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

“அவ்வளவு சுலபமாயிருந்தா ஏம்மா எங்க தெருவுல யாரும் போடறதில்லை?” என்று கேட்டேன்.

“ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்குன்னுதான் வரும். கலக்கிட்டா இரண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிக்கணும். அஞ்சு கோழி வச்சிருக்கிறவங்க ஒரு குப்பியை உடைச்சா மீதியெல்லாம் வீண். அதனால யாருமே உடைக்கிறதில்லை. நாலஞ்சு வீடு சேர்ந்து ஒரே வயசுக் குஞ்சா வாங்கி வளர்த்தாத்தான் இது சரிப்படும்” என்றார்கள்.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் நோய்தான் நம்மைத் தோற்கடித்தது என்று நினைத்திருந்தோமே! தனித்தனியாக வளர்த்ததல்லவா தோற்கடித்திருக்கிறது!

அன்று சாயந்திரமே எதிர் வீட்டு டீச்சரிடமும், மளிகைக்கடை அக்காவிடமும், தறி ஓட்டும் மூலை வீட்டுப் பெண்ணிடமும் பேசினேன். மூவருமே புழக்கடையில் கோழி வைத்திருந்து பறிகொடுத்தவர்கள்தான். நாலு வீடு, நூறு குஞ்சு என்று முடிவாயிற்று.

எங்கே வாங்குவது என்பது அடுத்த கேள்வி. திருவிழாக் கூட்டத்திலும் சந்தையிலும் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் தோய்த்த குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் கேட்டு அடம் பிடிக்கும். அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறியும் வைக்காது என்று பண்ணைகள் கழித்துவிடுகிறவை. தடுப்பு மருந்து கிடையாது, கதகதப்பும் கிடையாது. வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் தலை சாய்த்துவிடும், குழந்தை அழும். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மொபெட்டில் கூடை கட்டிக்கொண்டு “நாட்டுக்கோழிக் குஞ்சேய்” என்று கூவி வருகிறவர்களிடமும் நாங்கள் வாங்கவில்லை. எந்த ஊர்க் குஞ்சு, எத்தனை நாள் ஆயிற்று, மருந்து கொடுத்ததா என்று கேட்டால் பதில் நிச்சயமில்லை. ஆகவே குஞ்சு பொரிப்பகத்துக்கே நேரில் போவது என்று தீர்மானித்தோம்.

என்ன இனம் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டும். வெள்ளை லெகார்ன் முட்டையாய்த் தள்ளும், ஆனால் புழக்கடைக்கு ஆகாது. அதன் வெள்ளை நிறம் பருந்துக்கும் பூனைக்கும் தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். பிராய்லர் கறிக்காகவே வளர்வது. நம் சிறுவிடை, பெருவிடை நாட்டு இனங்கள் கெட்டியானவை, புத்திசாலிகள், தாமே அடைகாத்துக் குஞ்சு பொரிப்பவை. ஆனால் முட்டை குறைவு, வருஷத்துக்கு அறுபது, எழுபது இருந்தால் அதிகம். இந்த இரண்டுக்கும் நடுவில் புழக்கடைக்கென்றே உருவாக்கிய இனங்கள் இருக்கின்றன. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தார் தந்த வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூர் கால்நடைக் கல்லூரியின் கிரிராஜா, நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி. இவை பல நிறத்தில் நாட்டுக்கோழி போலவே இருக்கும், மேய்ந்து தின்னும், முட்டையும் நாட்டுக்கோழியைவிட அதிகம். ஒரு குறை: பெரும்பாலும் அடைக்கு உட்காராது. அதனால் வம்சம் பெருக்க வேண்டுமானால் அடைக்கென்று ஒரு நாட்டுப் பெட்டையும் வேண்டும். நாங்கள் பல நிறக் கலப்பினக் குஞ்சையே கேட்டோம்.

பொரிப்பகங்களில் தினமும் குஞ்சு இறங்குவதில்லை. வாரத்தில் இன்ன நாள் என்று கணக்கு உண்டு. முன்கூட்டியே சொல்லி வைத்து, ஆவணியில் ஒரு வியாழக்கிழமை விடிகாலை முதல் பஸ்ஸில் நானும் டீச்சரும் கிளம்பினோம். அத்தையையும் வற்புறுத்தி அழைத்துப் போனோம். “மெசினு பொரிச்ச குஞ்சைப் பாக்க நான் எதுக்கு?” என்றார். ஆனாலும் புதுப் புடைவை கட்டிக்கொண்டு முதலில் வாசலில் நின்றவர் அவர்தான்!

அங்கே கைகால் கழுவி, மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். வெளியார் யாரும் இயந்திர அறைக்குள் போக முடியாது, கண்ணாடி வழியே பார்த்தோம். பீரோ மாதிரி நிற்கிற இயந்திரத்துக்குள் தட்டுத் தட்டாய் முட்டைகள். சூடு 99½ டிகிரி பாரன்ஹீட். மணிக்கொரு தரம் தட்டுகள் தாமே ஒரு பக்கம் சாய்கின்றன, அடுத்த தடவை மறு பக்கம்.

“அது என்னத்துக்கு ஆட்டறீங்க?” என்று அத்தை கேட்டார்.

“தாய்க்கோழி அடையில இருக்கும்போது மூக்கால முட்டையைத் திருப்பித் திருப்பி விடும் இல்லீங்களா பாட்டிம்மா? அதைத்தான் மெஷினு செய்யுது. பதினெட்டு நாள் இங்கே. அப்புறம் மூணு நாள் ஆட்டாம வேற மெஷின்ல. இருபத்தோராம் நாள் குஞ்சு” என்றார் அந்தத் தம்பி.

“இருபத்தொண்ணு! கோழிக்கும் அதே கணக்குத்தான்” என்று அத்தை சொன்னார். குரலில் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. கோழியில்லாமல் முட்டை பொரிப்பது இன்று நேற்று வந்ததல்ல, எகிப்து தேசத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பெரிய பெரிய மண் அடுப்பறைகளில் பொரித்திருக்கிறார்கள் என்று டீச்சர் எடுத்துச் சொன்னதும், “அப்பிடியா!” என்று கன்னத்தில் கை வைத்தார்.

குஞ்சு வாங்கும்போது கேட்க வேண்டியவற்றை டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்கள். உங்களுக்கும் சொல்கிறேன். எப்போது பொரிந்தது? மாரெக்ஸ் தடுப்பூசி போட்டாயிற்றா? இதைப் பொரித்த அன்றே கழுத்துத் தோலில் பொரிப்பகத்தார்தான் போட வேண்டும், வீட்டில் ஆகிற காரியமில்லை. சேவல் பெட்டை பிரித்ததா, கலந்ததா? புழக்கடை இனங்களைப் பெரும்பாலும் பிரிக்காமல்தான் தருகிறார்கள். பாதிக்குப் பாதி சேவல் வரும் என்று எதிர்பார்த்தே கணக்குப் போடுங்கள்.

பிறகு குஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண் பளிச்சென்று இருக்க வேண்டும். தொப்புள் மூடி உலர்ந்திருக்க வேண்டும், ஈரமோ கறுப்பு முடிச்சோ கூடாது. பின்பக்கம் சுத்தமாயிருக்க வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்தால் சட்டென்று புரண்டு எழுந்து நிற்க வேண்டும். அத்தை இதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார். மூன்று குஞ்சுகளை மறுபேச்சில்லாமல் திருப்பி வைத்து வேறு எடுத்துக்கொண்டார். அந்தத் தம்பியும் சிரித்துக்கொண்டே மாற்றித் தந்தார்.

குஞ்சுப் பெட்டியைப் பார்த்ததும் எங்களுக்கு ஆச்சரியம். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி. உள்ளே நாலு அறை, அறைக்கு இருபத்தைந்து குஞ்சு. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்காமலிருக்க அப்படித் தடுத்திருக்கிறார்கள். “பாருங்க, நம்ம நாலு வீட்டுக்குன்னே பண்ணின மாதிரி இருக்கு!” என்று டீச்சர் சொன்னார். நூற்றுக்கு இரண்டு குஞ்சு கொசுறு. ஆக நூற்றிரண்டு.

“பச்சைக் குஞ்சு, தண்ணி தீனி இல்லாம ஊரு வரைக்கும் தாங்குமா?” என்று பஸ்ஸில் அத்தைக்குக் கவலை. அதற்கும் ஆண்டவன் ஒரு வழி வைத்திருக்கிறான். முட்டையிலிருந்து வெளியே வருமுன் மீதியிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. இரண்டு நாளைக்கு அதுதான் ஆகாரம். தூர ஊர்களுக்குக் குஞ்சு அனுப்ப முடிவது அதனால்தான். இதைச் சொன்னதும் அத்தை, “அப்பிடீன்னா ஆத்தா கட்டுச்சோறு கட்டித்தான் அனுப்பியிருக்கறா” என்றார். கொஞ்ச நேரம் பெட்டியின் ஓட்டை வழியே பார்த்துக்கொண்டே வந்தவர், மெதுவாகக் கேட்டார்: “சோறு சரி, அம்மிணி. கொத்தித் திங்க யாரு சொல்லிக் குடுப்பா? பருந்து வந்தா யாரு கூப்புடுவா? ஆத்தாளே இல்லாத குஞ்சாச்சே!”

“நாமதானுங்க அத்தை” என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அடுத்த நாலு வாரமும் அந்த வார்த்தையின் பொருளை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தன.

குஞ்சு வருமுன் வீடு தயாராக இருக்க வேண்டும் என்பது மிக முக்கியம். எங்கள் மாட்டுக் கொட்டகையை வெள்ளையடித்து, தரையில் இரண்டு அங்குலத்துக்கு நெல் உமி பரப்பி, அதன்மேல் செய்தித்தாள் விரித்திருந்தோம். ஒன்றரை அடி உயரத் தகரத்தால் ஐந்தடி விட்டத்துக்கு வட்டமான தடுப்பு. ஏன் வட்டம் என்றால், மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே போய்க் குவிந்து அடியிலிருப்பவை மூச்சுத் திணறிச் செத்துவிடும். நடுவில் இரண்டு நூறு வாட் பல்பு. குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது கணக்கு. ஒரு விஷயம், இப்போது வீட்டில் எரிகிற எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. அது வெளிச்சம் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும். எங்களுக்கு மூன்று கடை ஏறி இறங்கிய பிறகே கிடைத்தது.

முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு, பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் கும்பலாய் நெருக்கிக்கொண்டு கத்தினால் குளிர்கிறது. பல்பை இறக்குங்கள். தகரத்தை ஒட்டிப் போய் வாயைத் திறந்துகொண்டு இளைத்தால் சூடு அதிகம். ஏற்றுங்கள். ஒரே பக்கமாய் ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாய்ப் படுத்து, தின்று, விளையாடினால் எல்லாம் சரி.

முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் துளி வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சாக எடுத்து மூக்கை ஒரு தரம் நனைத்துவிட வேண்டும். நூற்றிரண்டு குஞ்சுக்கும் இதைச் செய்தது அத்தைதான்! உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைத்தோம், இல்லாவிட்டால் குஞ்சு அதில் விழுந்து நனைந்துவிடும். முதல் இரண்டு நாள் மக்காச்சோளக் குருணையைக் காகிதத்தின்மேல் தூவினோம். அத்தை ஒற்றை விரலால் காகிதத்தை ‘டொக், டொக்’ என்று தட்டினார். தாய்க்கோழி கொத்துகிற சத்தம் போலும்! பத்துக் குஞ்சு ஓடி வந்து கொத்த ஆரம்பித்தது, அதைப் பார்த்து மற்றவையும் வந்தன. மூன்றாம் நாள் முதல் குஞ்சுத் தீவனம்.

இரவுக் காவலை நாலு வீடும் முறை போட்டுக்கொண்டோம். முதல் வாரத்தில் மூன்று குஞ்சு இறந்தது. அவ்வளவு தூரம் அலைந்து கொண்டு வந்த குஞ்சுகளில் சில போகத்தான் செய்யும், மனதைத் தளர விடக்கூடாது.

ஒன்பதாம் நாள் இரவை மறக்கவே முடியாது. நல்ல மழை, இடி. பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. அரை மணியில் கொட்டகை சில்லிட்டுவிட்டது. குஞ்சுகள் கூச்சலிட்டுக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கின. அன்று முறை தறிக்காரப் பெண்ணுடையது. அவள் பாவம், டார்ச் லைட்டோடு அழாத குறையாக வந்து எங்களை எழுப்பினாள். கரி அடுப்பு வைக்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மூடிய கொட்டகையில் கரிப்புகை குஞ்சைக் கொன்றுவிடும், தீப்பிடிக்கிற பயம் வேறு.

“கேஸை மூட்டித் தண்ணி காய வை புள்ளே. ரெண்டு பித்தளைக் குடத்தையும் கொண்டா” என்று அத்தையின் குரல். குடம் நிறைய வெந்நீர் ஊற்றி, வாயை இறுக மூடி, சுற்றிலும் சாக்கைச் சுற்றி வட்டத்துக்கு நடுவே வைத்தார். மேலே பழைய கம்பளியைக் காற்றோட்டம் விட்டுக் கூடாரம் போலத் தொங்கவிட்டார். தொட்டால் கைக்கு இதமான சூடு. கொஞ்சம் கொஞ்சமாகக் குஞ்சுகள் குடத்தை ஒட்டிப் படுத்தன. கூச்சல் அடங்கி, கியா கியா என்ற சின்ன முனகலாயிற்று. மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்றினோம். கரண்ட் வந்தது நாலு மணிக்கு. அன்றிரவு ஒரு குஞ்சுகூடப் போகவில்லை.

விடிந்ததும் அத்தை பரணில் கிடந்த மூங்கில் கூடையை இறக்கித் தூசி தட்டி வெயிலில் வைத்ததைப் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை.

தடுப்பு மருந்து விஷயத்தில் நாங்கள் ஒரு நாளும் தவறவில்லை. ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் ஒரு சொட்டு ராணிக்கெட் மருந்து. பதினாலாம் நாள் கம்போரோ நோய்க்கு. இருபத்தெட்டாம் நாள் மறுபடி ராணிக்கெட், லசோட்டா என்று சொல்வார்கள். எட்டாவது வாரம் அதற்கே ஊசி. நாள் கணக்கை உங்கள் ஊர் டாக்டரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டு வர வேண்டும், சூடு பட்டால் பலன் போய்விடும். நாலு பெண்களும் வரிசையாய் உட்கார்ந்து, ஒருத்தி பிடிக்க, ஒருத்தி சொட்டு விட, ஒருத்தி எண்ண, ஒரு குப்பியும் வீணாகாமல் முக்கால் மணியில் முடிந்துவிடும். புழக்கடைக் கோழிகளுக்கு அரசாங்கக் கால்நடை மருந்தகங்கள் மூலம் ராணிக்கெட் தடுப்பூசி முகாமும் நடத்துகிறார்கள், விசாரித்து வையுங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் ஒரு எச்சரிக்கை. குஞ்சு அழகாக இருக்கிறதே என்று முகத்தோடு வைத்துக் கொஞ்ச விடாதீர்கள். அதன் எச்சத்தில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி இருக்கலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெரியவர்களுக்கும் இதே சட்டம்தான்.

நாலு வாரத்துக்குப் பிறகு பல்பு தேவைப்படவில்லை. பகலில் வலைக்குள் மேய விட்டோம். அப்போது அத்தை இன்னொரு கைவேலை காட்டினார். பழைய மண்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு எல்லாம் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் புற்று ஓரமாக மாலையில் கவிழ்த்து வைத்தார். காலையில் திறந்தால் பானை முழுக்கக் கரையான்! குஞ்சுகளுக்கு அது தீபாவளி. புரதச் சத்துக்குப் புரதச் சத்து, காசும் இல்லை. தெருவில் மற்ற மூன்று வீட்டாரும் அத்தையிடம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

எட்டாவது வாரம் ஊசி போட்ட பிறகுதான் பிரித்துக்கொண்டோம். முதல் வாரத்தில் போன மூன்று, அப்புறம் நோஞ்சானாயிருந்த ஒன்று, பூனைக்கு இரண்டு, பருந்துக்கு இரண்டு போக மிச்சம் தொண்ணூற்று நாலு. வீட்டுக்கு இருபத்து மூன்று. இரண்டு மிஞ்சியது. “அந்தக் கொசுறு ரெண்டும் அத்தைக்கு. அந்த மழை ராத்திரிக்கு நாம குடுக்க வேறென்ன இருக்கு?” என்று மளிகைக்கடை அக்கா சொன்னாள். அத்தை வேண்டாம் வேண்டாம் என்றார். ஆனால் கை மட்டும் எப்போதோ இரண்டு நல்ல பெட்டைகளைப் பிடித்துவிட்டிருந்தது!

பாதிக்குமேல் சேவல்தான். வீட்டுக்கு ஒன்றை நிறுத்திக்கொண்டு, மீதியைப் பொங்கலுக்கு மறுநாள் கறிநாளுக்காக விற்றோம். குஞ்சு விலை, தீவனம், பல்பு, மருந்து எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தோம். சேவல் விற்ற பணம் அந்தக் கணக்கை நேர் செய்துவிட்டது. பெட்டைகள் நமக்கு இலவசமாய் நின்ற மாதிரிதான்.

மாசி மாதத்தில் முதல் முட்டை. புறா முட்டையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அத்தை அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். பிறகு நாளுக்கு ஐந்து, ஆறு. பிள்ளைகளுக்கும் வீட்டுக்கும் மூன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது என்று படித்ததிலிருந்து பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத் தவறாமல் கொடுக்கிறேன். மீதி முட்டையும் அதன் காசும் அத்தையுடையவை. கணக்கு யாரும் கேட்பதில்லை.

பங்குனியில் ஒரு நாள் காலை அத்தையைக் காணோம். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த டீச்சர்தான் சொன்னார்: “மகளைப் பாக்க சேலம் போறேன்னு முதல் பஸ்ஸுக்கே போயிட்டாங்களே!” டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான், ஆனால் வெளியூர் பஸ்ஸுக்குக் காசு வேண்டுமே. என் வீட்டுக்காரர் பதறிப்போய், “எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனே!” என்றார்.

“அதுக்காகத்தானுங்க கேக்கல” என்றேன். அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒன்றும் பேசாமல் கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

சாயந்திரம் அத்தை திரும்பி வந்தார். பேத்திக்கு வாங்கிக் கொடுத்தது போக, நம் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பொட்டலம். கையில் இன்னொரு கூடை. அதற்குள் அடைக்குத் தயாராயிருக்கிற ஒரு சிறுவிடைப் பெட்டை! “இதுக அடைக்கு உக்காராதுன்னியே அம்மிணி. இது உக்காரும்” என்றார்.

சகோதரிகளே, புழக்கடையில் பத்துக்குப் பத்து இடமிருந்தால் போதும், கோழி வளர்க்கலாம். இடமில்லை, நேரமில்லை, நோய் வந்துவிடும் என்றெல்லாம் யோசிப்பதற்கு முன் உங்கள் தெருவை ஒரு தரம் பாருங்கள். பல்பும் தகரமும் உமியும் சேகரித்துத் தயாராக வைத்துக்கொண்ட பிறகே பொரிப்பகத்துக்குச் சொல்லுங்கள். டாக்டரிடம் மருந்து நாட்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கேளுங்கள், நமக்குத் தெரியாதது அவர்களுக்கு நிறையத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக இறங்காதீர்கள். பெட்டியில் நாலு அறை இருக்கிறது. ஒன்று உங்களுடையது. மற்ற மூன்றுக்கும் ஆள் பிடியுங்கள்.